பிள்ளையாருக்குத் திரை போட்ட வாரம்

காலை ஐந்து ஐம்பது. புதுச்சேரியை ஒட்டிய சாரத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயப்போடும் களத்தின் இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது நான் முதலில் பார்த்தது என் தங்கையின் முதுகு. களத்தின் நடுவில், வேப்பமரத்தடிப் பிள்ளையார் மாடத்துக்கு முன்னால், ஒரு சாக்குப் படுதாவை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளைச் சுற்றி அவள் கணவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கமாக அல்ல, இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இது அறுபத்திரண்டாம் வருடத் தொடக்கத்தில். அந்த ஒரு வாரம் நான் தினமும் அங்கே போனேன். எழுதுவதற்காகப் போகவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால் போனேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போன ஐம்பத்துநாலில், மெட்ராஸ் தினசரி ஒன்றுக்குப் புதுச்சேரியிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபராகச் சேர்ந்தேன். கொடி இறங்கிய பரபரப்பு சில மாதங்களில் அடங்கிவிட்டது. அதன்பிறகு என்னிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி விபத்துதான். கரை திரும்பாத கட்டுமரம், கடலூர் ரோட்டில் கவிழ்ந்த லாரி, கிணற்றில் விழுந்தவர். விபத்துக்கு அளவு நான்கு வரி. எங்கே, எப்போது, யார், உயிர் இருக்கிறதா. ஏழெட்டு வருடம் இந்த நான்கு வரியை எழுதியவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எதைப் பார்த்தாலும் மனசு முதல் வரியைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடும். என் தங்கை கணவர் பந்தயம் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வியாதி எனக்கு முற்றியது.

அவர் முத்தியால்பேட்டையில் மெக்கானிக். வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப்போன பழைய பிரெஞ்சுக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அவரிடம் வரும். ஐம்பத்தேழில் என் தங்கையைக் கட்டினார். என்னைவிட ஆறு வயது சின்னவர், அதிகம் சிரிப்பவர். பயம் என்பது அவர் முகத்தில் எந்த இடத்தில் தெரியும் என்று எனக்கு அறுபத்திரண்டு வரை தெரியாது.

சாரத்தில் மல்லாட்டைக் களம் வைத்திருந்தவர், பிரெஞ்சு ராணுவத்தில் சைகோனில் இருபது வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். ஊரில் எல்லோரும் அவரைச் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் சொல்வார்கள். நேரில் முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்கள். அவருக்குக் கப்பலில் பிரெஞ்சு வாரப் பத்திரிகை வரும். அறுபதில் வந்த ஒன்றில் ஒரு படம் இருந்தது. நான்கு சின்னச் சக்கரம், குழாய்ச் சட்டம், புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜின், மேலே ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். கார்ட் என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் ஆரம்பித்து ஐரோப்பாவுக்கு வந்துவிட்டதாம். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தை இரவல் கேட்டு வாங்கிப் பட்டறைச் சுவரில் ஒட்டினார்.

சட்டத்துக்குக் குழாய் வேண்டியிருந்தது. என் தங்கைக்கு நாங்கள் சீராகக் கொடுத்த இரும்புக் கட்டிலை அறுத்தார். அவள் தன் பிறந்த வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அழுதாளா சிரித்தாளா என்று என் அம்மாவால் தீர்மானிக்க முடியவில்லை. சக்கரம் துறைமுகத்துத் தள்ளுவண்டியிலிருந்து வந்தது. இன்ஜின் ஒரு பிரெஞ்சு மோட்டார் சைக்கிளுடையது. முதல் நாள் அதைத் தெருவில் கிளப்பியபோது எதிர்வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்:

"சார், உங்க தங்கச்சி கட்டிலு ஓடுது பாருங்க. படுக்கணும்னா தொரத்திக்கினு போவணும்."

தெருவில் ஓட்டப் போலீஸ் விடவில்லை. கடற்கரைச் சாலையிலும் விடவில்லை. ஊரைச் சுற்றி மற்ற இடமெல்லாம் மணல், இல்லாவிட்டால் செம்மண். சிமெண்ட் போட்ட பெரிய தரை என்றால் சொல்தாவின் களம் ஒன்றுதான். மல்லாட்டை காயாத மாதங்களில் அது சும்மா கிடக்கும். சொல்தா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. களத்தின் நடுவில் வேப்பமரமும் பிள்ளையாரும் இருக்கிறார்கள். அவரைச் சுற்றித்தான் ஓட்ட முடியும். சுற்றுவதென்றால் வலமாகத்தான் சுற்ற வேண்டும்.

யாரும் அதை நிபந்தனை என்றே நினைக்கவில்லை. வேறு எப்படிச் சுற்றுவார்கள்?

இப்படித்தான் அது நடந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம், களம் சும்மா கிடந்த மாதங்களில், வாரத்தில் நான்கு ஐந்து காலை, அந்த மனிதர் பிள்ளையாரை வலம் வந்தார். களத்தின் நான்கு மூலையும் அவருக்கு வலப்பக்க வளைவு. வலது பக்கம் சாய்ந்து உட்காரப் பழகினார். பாரம் உள்பக்கம் இருந்தால் வண்டி தூக்காது என்று இன்ஜினை வலது பக்கம் மாற்றிப் பொருத்தினார். இருக்கையையும் வலது பக்கம் தள்ளினார். இடது டயர்கள் மாதத்துக்கு ஒரு முறை தேய்ந்தன. வலது டயர்கள் புதிதாகவே இருந்தன. சொல்தா மரத்தடியில் நாற்காலி போட்டு, ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டிக் கத்துவார். பிறகு பிள்ளையாருக்குச் சூடம் காட்டுவார்.

அறுபதின் கடைசியில் மெட்ராஸ் முதலாளி ஒருவர் வந்தார். மெட்ராஸில் மதுவிலக்கு, இங்கே கிடையாது. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களில் அவரும் ஒருவர். அவருடைய கார் சாரத்தில் நின்றுபோய், மெக்கானிக்கைத் தேடிக் களத்துக்கு வந்தார். வந்தவர் கட்டில் வண்டியைப் பார்த்தார். தானும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டினார். சொல்தா இருவருடைய நேரத்தையும் படித்துச் சொன்னதும், தன்னைவிட அவ்வளவு வேகமாக ஓட்டிய மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"பிளக்கு கழுவிக்கினு இருக்கேன்," என்றார் மாப்பிள்ளை. "உங்க வண்டியில சார், பிளக்கு கரி புடிச்சிப் போச்சு."

அந்த முதலாளி பந்தயக் கார்கள் வைத்திருந்தார். ஒரே ஆள் உட்காரும் கார்கள். சக்கரம் நான்கும் வெளியே நிற்கும். இங்கிலாந்திலிருந்து பழையதாக வந்தவை, இரண்டு, இரண்டுக்கும் பச்சை வண்ணம். மெட்ராஸுக்கு வடக்கே, சண்டைக் காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை பந்தயம் நடக்கும். முதலில் கார்ட் பந்தயத்துக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். ஜெயித்தார். அடுத்த முறை இரண்டாவது காரில் உட்கார வைத்தார்கள். நான்காவதாக வந்தார். அங்கேயும் கடிகாரச் சுற்றுத்தான், வளைவுகள் பெரும்பாலும் வலப்பக்கம்.

நான் கூடப் போனேன். என் தங்கை போகச் சொன்னாள். "அண்ணா, நீ கூடப் போ. ஆனா தந்தி மட்டும் அடிச்சிடாத. நல்ல சேதினாலும் அடிக்காத. தந்திக்காரன் சைக்கிளு தெரு முனைல திரும்பினாலே என் உசுரு நின்னுடும். நல்லா இருந்தா ரெண்டு பேரும் நேர்ல வாங்க."

அந்தக் காரை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தபோது நான் கவனித்தவை இவை. பெட்ரோல் டாங்கு ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால். இடுப்புப் பட்டை கிடையாது. விபத்து நடந்தால் வெளியே தூக்கி எறியப்படுவதே நல்லது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். வளைவுகளில் தடுப்பாக வைத்திருந்தது வைக்கோல் கட்டு.

பிறகு அந்தச் செய்தி வந்தது. அறுபத்திரண்டு பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி ஆள் அனுப்பிச் சொன்னார். ஓடுதளத்தின் வேகமான வளைவு ஒன்றில் நுழையும் இடத்தில் சிமெண்ட் பெயர்ந்துவிட்டது. சரிசெய்ய நேரம் இல்லை. அதனால் இந்த முறை எதிர்த்திசையில் ஓட்டுவது என்று நடத்துகிறவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆள் போன பிறகு மாப்பிள்ளை பட்டறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை முன்னால் நீட்டி, மெதுவாக இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். திரும்ப நேராக்கினார். மறுபடி திருப்பினார்.

"மச்சான், வல்து பக்கம்னா கண்ணு தானா போவுது. எங்க பிரேக் போடணும், எங்க விடணும், எல்லாம் கண்ணே சொல்லிடும். இந்தப் பக்கம் கண்ணு எங்க பாக்கணும்னே தெரியல."

"இந்த ஒரு தடவை வேணாம்னு சொல்லிடுங்களேன் மாப்ள."

"சொன்னா அந்த சீட்டு வேற ஒருத்தருக்குப் போயிடும். அப்புறம் பிளக்கு கழுவ வேண்டியதுதான்."

அப்போதுதான் பார்த்தேன். அவருக்குப் பயம் உதட்டில் தெரிந்தது. மேலுதடு வியர்த்திருந்தது.

பழக வேண்டும், பழகுவதற்கு இடம் களம் ஒன்றுதான். மாப்பிள்ளை, தங்கை, நான் மூவரும் சாரத்துக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டுச் சொல்தா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இடமா சுத்தறதா? எதுக்கு இடமா சுத்துவாங்கன்னு தெரியுமில்ல? கொள்ளிக் கொடம் ஒடைக்கிறதுக்கு. என் புள்ளையாரப் பொணமாக்கப் போறியா, இல்ல நீ பொணமாவப் போறியா?"

மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார். அவருக்கும் அதே எண்ணம்தான் என்பது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தத் திசையில் அவர் ஓட்டுவதைப் பார்க்கும் தைரியம் இல்லை. சாமியைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் சுடுகாட்டில் அப்பாவுக்குக் குடம் சுமந்து சுற்றியவன் நான். எந்தப் பக்கம் சுற்றினேன் என்று கால் மறக்கவில்லை.

என் தங்கை பேசினாள். "முசியே, கிரகணத்துக்குச் சாமிக்குத் தெர போடறோமா இல்லியா?"

"போடறோம்."

"தெருவுல சாவு எடுத்தா கோயில் கதவ சாத்தறோமா இல்லியா?"

"சாத்தறோம்."

"தெர போட்டா சாமி பாக்காது. சாமி பாக்கலன்னா அது சுத்தறதே இல்ல. சும்மா ஒரு வண்டி ஒரு களத்துல ஓடுது. அவ்ளோதான்."

சொல்தா வெகுநேரம் பிள்ளையாரைப் பார்த்தார். சைகோனில் எந்தக் கட்டளைக்கும் இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார். கடைசியில், "தக்கோர்," என்றார். சரி என்று அர்த்தம். "ஆனா படுதா ஒரு விரக்கடை வெலகினாலும் வண்டிய நிறுத்தணும். நிறுத்திட்டு அன்னியோட வூட்டுக்குப் போயிடணும்."

முதல் நாள் சாக்குப் படுதாவை மாடத்துக்கு மேல் ஆணி அடித்துக் கட்டினோம். வண்டி நான்காவது சுற்று வருவதற்குள் அது கிளப்பிய காற்றில் கீழ்ப்பக்கம் தூக்கிக்கொண்டது. சொல்தா கையை உயர்த்தினார். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் செங்கல் வைத்துப் பார்த்தோம். கடற்காற்று பக்கவாட்டில் புகுந்து தூக்கியது. இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை நான் போனபோதுதான், தொடக்கத்தில் சொன்ன அந்தக் காட்சி.

"நீ ஏம்மா இங்க வந்து நிக்கற? நான் புடிக்கிறேன், குடு."

"நீ பயந்துக்கினு திரும்பித் திரும்பிப் பாப்ப. படுதா ஆடும். நான் திரும்ப மாட்டேன். நீ போய் அந்தப் பக்கம் நில்லு."

அவள் சொன்னது சரி. அவள் முகம் பிள்ளையார் பக்கம். வண்டி எங்கே வருகிறது என்று அவளால் பார்க்க முடியாது. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். வண்டியோ வலப்பக்கத்துக்காகவே செய்யப்பட்ட வண்டி. இன்ஜினும் ஆளும் வலது பக்கம். இடது பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வெளியே போய், உள்பக்கச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இன்ஜினையும் இருக்கையையும் மாற்றிப் பொருத்த நேரம் இல்லை. மாப்பிள்ளை உடம்பை இடது பக்கம் வெளியே தொங்கவிட்டு ஓட்டினார். கேட்டோரம் நின்று நான் எண்ணியது சுற்றுகளை அல்ல. அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் அது நடந்தது. தெற்கு மூலையில் வண்டி வழுக்கியது. தரையில் மிச்சமிருந்த மல்லாட்டைத் தோல் காரணமாக இருக்கலாம். ஒரு முழுச் சுற்று சுழன்று, பின்பக்கம் முன்னாலாக, மரத்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தது. சொல்தா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். வண்டி அவள் குதிகாலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இன்ஜின் அணைந்தது. தோல் பறந்து அவள் கூந்தலில் விழுந்தது.

படுதா அசையவில்லை.

"நின்னுடிச்சா?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"நின்னுடிச்சு," என்றேன்.

"அவரு எழுந்தாரா?"

"எழுந்துட்டாரு."

"அப்போ ஓட்டச் சொல்லு. எனக்குக் கை வலிக்குது."

மாப்பிள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினார். அதற்குப் பிறகு அந்த வாரம் அவர் ஒரு முறையும் வழுக்கவில்லை.

பந்தயத்தன்று காலை முதலாளியின் முதல் ஓட்டுநர் என்னிடம் வந்து சிகரெட் நீட்டினார். மெட்ராஸ்காரர், நான்கு வருடமாக அங்கே ஓட்டுகிறவர். அந்த இரண்டு பச்சைக் கார்களில் வேகமானது அவருடையது. "சார், உங்க மாப்பிள்ளை பிள்ளையாருக்குத் திரை போட்டுட்டுப் பழகினாராமே? அவருக்குத் திரை, எங்களுக்கு என்ன, தேங்காயா?" என்றார். கேலியில் கெட்ட எண்ணம் இல்லை. "எந்தப் பக்கம் ஓட்டினாலும் ரோடு ஒண்ணுதான் சார்," என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டே போனார்.

நான் அந்த வேகமான வளைவுக்குப் பக்கத்தில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். இப்போது அது இடப்பக்க வளைவு. பார்க்காமல் இருக்க நினைத்தால் வேறு இடம் போயிருக்கலாம். பார்க்காமல் இருப்பது அதைவிட மோசமாக இருந்திருக்கும்.

முதல் சில சுற்றுகளில் இரண்டு பச்சைக் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எது முன்னால் என்று எண்ணைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெயில் ஏறியதும் தூசியும் ஏறியது. எண்ணைப் படிக்க முடியவில்லை. பாதிப் பந்தயம் இருக்கும், ஒரு பச்சைக் கார் வளைவுக்கு வந்த வேகத்திலேயே போனது. வளையவில்லை. டயர் அடையாளம் மற்றவர்களுடையதைவிடப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தொடங்குவதைப் பிறகு பார்த்தேன். பழைய திசையின் கணக்கிலேயே, தாமதமாகப் பிரேக் போட்டிருக்கிறார் என்று சொன்னார்கள். கார் வைக்கோலில் ஏறி, எழும்பி, தலைகீழாக விழுந்தது. எனக்கு இடது பக்கம், ஐம்பது கெஜத்துக்குள். தூசி மூடிக்கொண்டது.

தலைகீழாகக் கிடக்கும் காரில் எண் தெரியாது. இரண்டு காருக்கும் ஒரே வண்ணம். என் மனசு வரியைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டது. எங்கே, எழுதிவிட்டது. எப்போது, எழுதிவிட்டது. யார் என்ற இடத்தில் வந்து நின்றது.

பிறகு தூசிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பச்சைக் கார் ஒன்று வளைவுக்குள் நுழைந்தது. ஓட்டியவர் உடம்பை இடது பக்கம் வெளியே தொங்கவிட்டிருந்தார். அந்த மாதிரி ஓட்டுகிறவர் அந்த ஓடுதளத்தில் ஒருவர்தான்.

விழுந்த முதல் ஓட்டுநரை நான்கு பேர் ஒரு பலகையில் தூக்கிப் போனார்கள். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். பந்தயத்தை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை இரண்டாவதாக வந்தார். நான் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பத்திரிகையில் மூன்று வரி வந்தது.

பஸ்ஸில் திரும்பினோம். திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கினோம். மாப்பிள்ளை கிளாஸை வாங்கினார். கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் ஆறட்டும் என்றார்.

வாசலில் என் தங்கை முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு இரண்டு கை, பிறகு கால்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

என்னிடம் திரும்பினாள். "அங்க யாருக்காவது?"

"ஒருத்தர்."

"கல்யாணம் ஆனவரா?"

"ஆனவரு."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை சொம்பை விடாமல் கூடவே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிக்கிற புண்ணியதானம் முடிந்த சில நாளில் மெட்ராஸ் முதலாளி வந்தார். இந்த முறை குடிக்க வரவில்லை. குழந்தையின் கையில் ஒரு வெள்ளிக் கிலுகிலுப்பையை வைத்தார். முக்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அடுத்தது கல்கத்தா. நாட்டில் பெயர் பெற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். விழுந்த காரின் சட்டத்தை நேராக்கிவிட்டார்கள், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்ணமும் அடித்தாகிவிட்டது. அதை ஓட்ட ஆள் வேண்டும்.

என் தங்கை காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். டம்ளரை வைத்த பிறகும் உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தபடி நின்றாள். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கையைத் துணியில் துடைத்தார். விரல் இடுக்குகளையும் துடைத்தார். பிறகு, இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

இறந்தவர் அவரைவிட நான்கு விரல் உயரம்.